திருப்பி வைத்த சிலிப்பர்

எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டியதில்லை. தாத்தாவைக் கேட்டால் போதும். கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்து வீடு அவருடையது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே சொல்வார்.

"மூணாவது மாடிக்கு மருமவன் வந்துருக்காரு. கோவமா வந்துருக்காரு போல."

"கோவம்னு எப்படித் தாத்தா தெரியும்?"

"ஒரு சிலிப்பர் கதவுகிட்ட கெடக்கு, இன்னொண்ணு நாலடி தள்ளிக் கெடக்கு. சந்தோஷமா வர்றவன் அப்படியா கழட்டுவான்?"

ஆயர் ஈத்தாமில், மலைக்குக் கீழே இருக்கும் பழைய கட்டடம் எங்களுடையது. நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததால் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். திடலுக்குப் போய் நடப்பதற்குப் பதிலாக, தினமும் சாயங்காலம் நான்கு மாடியும் ஏறி இறங்குவார். அப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அங்கே கிடக்கும் சிலிப்பர்களைக் குனிந்து எடுத்துத் திருப்பி வைப்பார். நாம் வீட்டுக்குள் நுழையும்போது கதவைப் பார்த்தபடிதானே கழற்றிப் போடுகிறோம்? அதை அவர் வெளியே பார்த்தபடி ஜோடி சேர்த்து வைத்துவிடுவார். வெளியே வருகிறவர் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு நடக்கலாம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையிலும் கோயில் ரசீதுகளிலும் அது இருந்திருக்கும். பேத்தி தர்ஷினி தாத்தா என்று கூப்பிட்டாள், அதனால் அவர் கட்டடத்துக்கே தாத்தா ஆகிவிட்டார். இரண்டாம் மாடிச் சீன ஆன்ட்டி அவரைவிட மூன்று வயது மூத்தவர். அவரும் "தாத்தா, மானா சிலிப்பார் சாயா?" என்று மாடியிலிருந்து கத்தித்தான் தன் சிலிப்பர் எங்கே என்று கேட்பார். மழை பெய்து வராந்தாவில் தண்ணீர் ஓடும்போது நான்கு மாடிச் சிலிப்பர்களும் மிதந்து வந்து படிக்கட்டில் சேரும். தாத்தா ஒவ்வொன்றையும் துடைத்து அதனதன் வாசலுக்குக் கொண்டுபோய் வைப்பார். ஒருமுறைகூட மாறியதில்லை. எல்லாரும் போடுவது ஒரே மாதிரி ஜப்பான் சிலிப்பர், அதிலும் பாதிக்கு மேல் நீல வார். அவருக்கு மட்டும் எப்படித்தான் தெரியுமோ.

நான் ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் ஆபீசில் கிளார்க். கோப்பில் ஒரு பக்கம் முன்பின் மாறியிருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தானோ என்னவோ, இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த முதல் வாரமே அவரைப் பிடித்துவிட்டது. மற்றபடி எனக்கு யாரையும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் இதைப் பற்றி நீளமாகச் சொல்வார்.

ஏன் இப்படிச் செய்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார். "கால் வலிக்காரங்க நெறைய பேரு இருக்காங்கம்மா. குனியற வேல மிச்சம்ல" என்றார் என்னிடம். சீன ஆன்ட்டியிடம், சிலிப்பர் வெளியே பார்த்தால் வீட்டுக்கு நல்லது வரும் என்று மலாய்மொழியில் சொல்லிவிட்டார். ஆன்ட்டி அதை அப்படியே நம்பி, தன் வீட்டில் குளியலறைச் சிலிப்பரைக்கூடத் திருப்பி வைக்க ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்தவரை, பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவர் இருபத்தேழு வருஷம் வேலை செய்தார். தூசு போகக் கூடாத பெரிய அறைக்கு முன்னால் ஒரு சின்ன அறை. பெண்கள் அங்கே தங்கள் சிலிப்பரையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு, கம்பெனி கொடுக்கும் வெள்ளை உறையை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். அந்த அறைக்குத் தாத்தாதான் பொறுப்பு. ஷிப்ட் முடிந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு அந்தப் பெண்கள் வெளியே வரும்போது, அத்தனை பேருடையதும் வாசலைப் பார்த்து வரிசையாக இருக்குமாம். இதை அவர் சொல்லவில்லை. அங்கே வேலை செய்த ஓர் அக்கா ஒருநாள் மார்க்கெட்டில் அவரைப் பார்த்து, கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டு, கூட இருந்த என்னிடம் சொன்னார். தாத்தா கூச்சத்தில் கீரையின் விலை கேட்டார்.

கோயில், கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே கூட்டம் கூடினாலும் தாத்தா வாசலில்தான் இருப்பார். பிள்ளைக்குப் பேர் வைத்தாலும் அவருக்கு அழைப்பு போகும். உள்ளே வந்து சாப்பிடச் சொன்னால் வருவார், பத்தே நிமிஷத்தில் சாப்பிடுவார், மறுபடியும் வாசலுக்குப் போய்விடுவார். கோயில் கமிட்டியில் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. வயசான மனுஷன் ஊரார் செருப்பைத் தொடுகிறார், பார்க்க மரியாதையாக இல்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"உள்ள வந்து உக்காருங்க. இந்த வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

தாத்தா நிமிரவில்லை. கையில் இரண்டு விரலில் மாட்டிய ஒரு சிலிப்பர்.

"இது உங்களுதுதாங்க. வார் பிய்யப் போவுது, பாத்துப் போங்க."

அவ்வளவுதான். கமிட்டிக்காரர் பூஜை முடிந்து வெளியே வந்து, வாசற்படி தாண்டுவதற்குள் வார் பிய்ந்து ஒற்றைக் காலில் நின்றார். தாத்தா தன் பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக் கொடுத்தார். சிரிக்கக்கூட இல்லை. நான்தான் தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

பேத்தி விஷயத்தில்தான் தாத்தா கட்டுக்கடங்காமல் போவார். மகளுக்கும் மருமகனுக்கும் ஷிப்ட் வேலை, ஆகவே தர்ஷினியைத் தமிழ்ப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் அவர்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, அரைகுறையாகக் காய்ந்ததும் வெள்ளை பூசி, வெயில் நகர நகரச் சப்பாத்தையும் நகர்த்துவார். கட்டடத்து மற்றப் பிள்ளைகளின் சப்பாத்துகளும் மெல்ல மெல்ல அங்கே வந்து சேர்ந்தன. அரசாங்கம் பள்ளிச் சப்பாத்தை வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற்றியபோது பெற்றோர் எல்லாருக்கும் நிம்மதி. தாத்தாவுக்கு மட்டும் ஒரு வாரம் முகமே சரியில்லை. "கறுப்புல என்னம்மா வேல இருக்கு? அழுக்குப் பட்டாலும் தெரியாது, தொடச்சாலும் தெரியாது" என்று என்னிடம் வந்து குறைப்பட்டார்.

அவள் மூன்றாம் ஆண்டு படித்தபோது பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். நூறு மீட்டர் ஓட்டத்தில் தர்ஷினி முதலில் ஓடிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் ஒரு சப்பாத்து கழன்றுகொண்டது. எல்லாரும் "ஓடு ஓடு" என்று கத்துகிறோம். அவள் நின்றாள். திரும்பி வந்தாள். உட்கார்ந்து சப்பாத்தை மாட்டி, கயிற்றைப் பூப்போல முடிந்து, எழுந்து, கடைசி ஆளாக ஓடி முடித்தாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தாத்தா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

"பாத்தீங்களா! எம் பேத்தி சப்பாத்த விட்டுட்டு ஓடலலா!"

ஜெயித்த பிள்ளையின் அப்பாகூட அவ்வளவு கைதட்டவில்லை.

ஊரார் எல்லாருடையதையும் திருப்பி வைப்பவர், தன்னுடையதை மட்டும் திருப்ப மாட்டார். அவருடைய பழைய பழுப்பு நிறச் சிலிப்பர் எப்போதும் கதவைப் பார்த்தே இருக்கும். ஒருநாள் சும்மா இருக்காமல் நான் அதைத் திருப்பி வைக்கப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "நான் எங்கம்மா போவப் போறேன்? வீட்டுல இருக்கறவன்தான" என்றார். ஏதோ வயசானவர் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல்லாமல் தாத்தாவைச் சொல்ல முடியாது.

எனக்கு ஒரே ஓர் அண்ணன். எங்கள் தீவிலிருந்து கடற்பாலம் தாண்டி அக்கரையில், நிபோங் தெபாலில் இருக்கிறார். அம்மா அவரோடுதான் இருந்தார். அம்மா தவறிய அன்று காலையில் என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். அவரைப் பார்க்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டு நான் டாக்சியில் ஏறும்போதே மணி ஒன்று. பாலத்தில் ஏதோ விபத்து. கடலுக்கு நடுவில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்குப் போன் செய்து "வந்துட்டே இருக்கேன், இருண்ணே" என்றேன். "சரி பாப்பா" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ராகு காலத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, பெட்டியைத் தூக்கிவிட்டார்களாம். என் அம்மாவின் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை.

ஈரத் தரையில், வாசல் ஓரத்தில் அம்மாவின் நீலச் சிலிப்பர் மட்டும் கிடந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, மின்சுடலையிலிருந்து அவர்கள் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணனோடு பேச்சில்லை. அவர் போன் செய்வார், எடுக்க மாட்டேன். தீபாவளிக்கு முறுக்கு அனுப்புவார், அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன். கல்நெஞ்சுக்காரி என்று என்னைச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்தேன். உள்ளுக்குள் எனக்கு அண்ணன் வேண்டும். அந்த "சரி பாப்பா"வைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் நாங்கள் இந்தக் கட்டடத்தில் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தோம். அம்மாவின் சிலிப்பரைக் கதவோரம் சப்பாத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். செத்தவர் சிலிப்பரை வாசலில் வைக்கலாமா என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துத் தாத்தா கேட்டார்.

"அந்த நீல சிலிப்பர் யாருதும்மா? தெனம் பாக்கறேன், திருப்பி வச்ச எடத்துலயே இருக்கு. யாரும் போடறதில்ல போல."

அவ்வளவு நாள் யாரிடமும் வாய் திறக்காத நான் வராந்தாவில் நின்றபடியே அத்தனையும் கொட்டிவிட்டேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், "பாவம், அவரும் என்ன செய்வாரு, பெரியவங்க சொல்லும்போது" என்று சொல்ல, எனக்குச் சுர்ரென்று வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். மற்றதெல்லாம் வழக்கம்போல வெளியே பார்த்திருக்க, அம்மாவின் சிலிப்பர் மட்டும் கதவைப் பார்த்தபடி இருந்தது. தாத்தாவுக்கும் கைதவறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோபத்தில் இருந்ததால் அதை நேராக்கவும் இல்லை. பிறகு ஒருநாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. அப்போது நான்காம் மாடிப் பையனுக்குக் கல்யாணம். பெண் நிபோங் தெபால் பக்கம், பைராம் தோட்டத்துப் பெண். அண்ணனுக்கு அந்த வீடு நல்ல பழக்கம், ஆகவே அவரும் வருவார் என்று எனக்குத் தெரியும். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நான் ஏன் ஓடி ஒளிய வேண்டும் என்று பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

கல்யாணம் டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில். வாசலில் தாத்தா, மடித்த வேட்டியோடு. நான் செருப்பைக் கழற்றும்போது மெதுவாகச் சொன்னார்.

"உங்க அண்ணன் வந்துட்டாரும்மா. உள்ள இருக்காரு."

"அவரத்தான் நீங்க பாத்ததே இல்லயே?"

"பாக்கணுமா என்ன? ஒங்களுக்கு எடது குதிகால் வெளிப்பக்கமா தேயும். அந்த நீல சிலிப்பர்லயும் அப்படித்தான். இன்னிக்கு அதே தேய்மானத்துல ஒரு பெரிய சைஸ் வந்துருக்கு."

"அவருக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல தாத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மண்டபத்தில் நான் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். அண்ணன் மெலிந்திருந்தார். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. அவர் என் பக்கம் பார்த்த ஒவ்வொரு முறையும் நான் மணமேடையைப் பார்த்தேன். பந்தி முடிந்ததும், பாலத்தில் ஜேம் ஆகிவிடும் என்று அவரும் அண்ணியும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

நான் வெளியே வந்தபோது தாத்தா என் முன்னால் ஒரு ஜோடி செருப்பை வைத்தார். பழுப்பு நிறம், தங்கநிறக் கொக்கி. காலை நுழைத்தேன். தொளதொள என்றிருந்தது.

"தாத்தா, இது என்னுது இல்ல."

"இல்லையா?" என்று குனிந்து பார்த்தார். "அடடா. இது உங்க அண்ணியோடதுல்ல! ரெண்டும் ஒரே மாதிரி, பாசார் மாலாம், ராத்திரிச் சந்தைச் சாமான். அவங்க அவசரமாக் கெளம்பினாங்களா, நான் மாத்திக் குடுத்துட்டேம் போல. வயசாயிடுச்சும்மா, கண்ணு சரியாத் தெரியல."

தாத்தா வைத்த செருப்பில் யாரும் பார்த்துக் கால் வைப்பதில்லை. முன்னால் என்ன இருக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். அண்ணியும் அப்படித்தான் போயிருப்பார், பாவம், என் சின்னச் செருப்பில் குதிகால் வெளியே தொங்க. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நான் எங்கேயும் போய் மாற்ற மாட்டேன், யாரும் வரவும் வேண்டாம், செருப்பு போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு, தொளதொளச் செருப்பைத் தேய்த்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் தாத்தா. "ஆளக் கூட்டியாந்துருக்கேம்மா" என்று சொல்லி ஒதுங்கினார். பின்னால் அண்ணன், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கல்யாண வீட்டுக்காரர்களிடம் நம்பர் வாங்கித் தாத்தாதான் போன் செய்திருக்கிறார்.

அண்ணன் பையை நீட்டினார். நான் வாங்கினேன். அண்ணியின் செருப்பை எடுக்க அலமாரிப் பக்கம் நான் திரும்பியபோது அவர் பார்வையும் கூடவே திரும்பியது. மேல்தட்டில் அவர் கண் நின்றுவிட்டது.

"அம்மா சிலிப்பரா?"

நான் தலையாட்டினேன்.

"நான் வீடெல்லாம் தேடினேன் பாப்பா. கழுவினவங்க தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்." கையை நீட்டித் தொடப் போனவர் தொடாமல் நிறுத்திக்கொண்டார். அப்புறம் அந்த வராந்தாவில், பாதி திறந்திருந்த அத்தனை கதவுகளுக்கும் முன்னால், என் அண்ணன் அழுதார். "நிறுத்தியிருக்கணும் பாப்பா. பெரியவங்க என்ன சொன்னாலும் நான் நிறுத்தியிருக்கணும். உன்கிட்ட சரின்னு சொன்னேன்ல."

ஆறு வருஷமாக நான் அவரிடம் கேட்க ஆயிரம் கேள்வி சேர்த்து வைத்திருந்தேன். சட்ட ஆபீசில் வேலை செய்கிறவள், எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கூட வைத்திருந்தேன்.

"உள்ள வாண்ணே. கோப்பி போடறேன்" என்றேன்.

அவர் போட்டு வந்த சிலிப்பரைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கதவைச் சாத்தும்போது பார்த்தேன், தாத்தா அதைக் குனிந்து திருப்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் நேராக அவரிடம் போனேன்.

"தாத்தா, உண்மையச் சொல்லுங்க. வேணும்னேதான மாத்துனீங்க?"

"நானா? இல்லம்மா. கண்ணு சுத்தமாத் தெரியல." கோப்பியை ஒரு மிடறு குடித்தார். "சீன ஆன்ட்டிக்குத் தங்கச்சி வந்துருக்காங்க பாரு, தைப்பிங்லேர்ந்து. வெள்ள சிலிப்பர்ல செவப்பு மண்ணு ஒட்டியிருக்கு, வர்ற வழியில தோட்டத்துல எறங்கியிருக்காங்க."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கோப்பியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். முதலில் தாத்தா வீட்டு வாசலில் ஒரு கோப்பி, பிறகு மேலே. தாத்தாவுக்கென்று தன் வீட்டு மரத்திலிருந்து முருங்கைக்காய் கொண்டுவருவார். இரண்டு பேரும் சிலிப்பர் விலை ஏறியது பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் சாயங்காலம் நான்கு மணி ஆனால் போதும், அண்ணனுக்கு இருப்புக் கொள்ளாது. "பாலத்துல ஜேம் ஆயிடும் பாப்பா" என்று எழுந்துவிடுவார். இருந்துவிட்டுப் போ என்றால் கேட்டதே இல்லை. அந்தப் பாலத்தின்மேல் அவருக்கு ஒரு பயம் தங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். வெளியே வந்தால் சிலிப்பர் தயாராக வாசலைப் பார்த்து இருக்கும்.

போன பங்குனியில், வழக்கம்போல நான்கு மாடியும் ஏறி இறங்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, தர்ஷினி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாத்தா கண்ணை மூடினார். எண்பத்திரண்டு வயது. படுக்கையில் ஒருநாள்கூடக் கிடக்கவில்லை. அழுதோம், ஆனால் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் கீழ்த்தளமே நிரம்பிவிட்டது. கட்டடத்தார், கோயிலார், தொழிற்சாலை அக்காமார், சீன ஆன்ட்டி தன் தங்கச்சியோடு. கமிட்டிக்காரர்தான் ஓடியாடி எல்லாம் பார்த்தார். வாசலில் சிலிப்பர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மலைபோலக் குவிந்திருந்தன. எனக்கு அதைப் பார்த்ததும்தான் அவர் இல்லை என்பது உறைத்தது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தேன். அடையாளம் எதுவும் தெரியவில்லை, ஜோடி சேர்ப்பதற்கே திண்டாடினேன். தர்ஷினி உள்ளேயிருந்து எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். கல்லூரிக்குப் போகும் பெண் இப்போது. தாத்தாவைப் போலவே இரண்டு விரலில் மாட்டி எடுத்தாள்.

மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டே முக்காலுக்கு என் போன் அடித்தது. அண்ணன்.

"பாலத்துல மாட்டிக்கிட்டேன் பாப்பா. ஒரு லாரி கவுந்துருச்சு. நீங்க எடுத்துருங்க. எனக்காக நிறுத்த வேணாம்."

நான் போனைப் பிடித்தபடி நின்றேன். நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை? சொந்தமா, பந்தமா? தர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள், என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவள் நேராக உள்ளே போய்த் தன் அம்மாவிடம், எல்லார் காதிலும் விழும்படி, "மா, முருங்கக்கா அங்கிள் பாலத்துல இருக்காரு. அவரு வந்தப்புறம் தூக்கலாம்" என்றாள்.

பூசாரி கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ நேரம் போகிறது என்றார். கமிட்டிக்காரர் கையை உயர்த்தினார். "இருக்கட்டும்லா. இவரு எத்தன வாசல்ல நமக்காக நின்னாரு. அரை மணி நேரம் நாம நிக்க முடியாதா?"

ஐம்பது நிமிஷம் நின்றோம். அத்தனை பேரும், வெயிலில். அண்ணன் தெருமுனையிலிருந்து ஓடி வந்தார், சிலிப்பரை ஒன்று அங்கே ஒன்று இங்கே உதறிவிட்டு உள்ளே நுழைந்து, தாத்தாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தாத்தாவுக்காக அழுதேனா அம்மாவுக்காக அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பெட்டியைத் தூக்கியதும் எல்லாரும் அவரவர் சிலிப்பரை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். வாசல் காலியானது. ஒரே ஒரு ஜோடி மிச்சம், பழைய பழுப்புச் சிலிப்பர், கதவைப் பார்த்தபடி. கடைசியாக ஒருமுறை அவருக்கு நாமாவது திருப்பி வைப்போம் என்று குனிந்தேன்.

தர்ஷினி என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்கா. வெளிய போறவங்களுக்குத்தான் திருப்பணும். வீட்டுல இருக்கறவங்களுது உள்ளதான் பாக்கணும்னு தாத்தா சொல்வாரு."

குனிந்தவள் கையை எடுத்துக்கொண்டேன்.

மின்சுடலையிலிருந்து திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. குளித்துவிட்டுப் போண்ணே என்று அண்ணனை மேலே கூட்டிவந்தேன். கதவைத் திறப்பதற்கு முன் அலமாரியின் மேல்தட்டைக் காட்டி, தர்ஷினி சொன்னதைச் சொன்னேன். பத்து வருஷத்துக்கு மேலாக அம்மாவின் நீலச் சிலிப்பர் கதவைப் பார்த்தபடியே இருந்தது. அதைக் கைத்தவறு என்று நினைத்த புத்திசாலி நான்.

அண்ணன் தன் சிலிப்பரைக் கழற்றிக் கையில் எடுத்து, அம்மாவுடையதற்குப் பக்கத்தில், உள்ளே பார்த்தபடி ஜோடி சேர்த்து வைத்தார்.

"ஜேம் ஆவட்டும் பாப்பா" என்றார். "இன்னிக்கு இங்கயே இருக்கேன்."